சில்வர் நைட்ரேட் நூறு கிராம்

திட்டத்தின் பெயரை ஒரே மூச்சில் சொல்ல முடியாது. 'சர்வதேச ஒத்துழைப்பின் வழியே சுற்றுச்சூழல் மேலாண்மைக்கான தேசியத் திறன் வளர்ப்பு.' 1996இல் அந்தத் திறன் ஐரோப்பாவிலிருந்து கோவைக்கு வந்தது. ஜெபமணி வேலை பார்த்த அரசுத் தண்ணீர் ஆய்வுக்கூடத்தில் அதை முதலில் வாங்கிக்கொண்டவர் மேலதிகாரி திருமூர்த்தி. ஓய்வு பெற நான்கு மாதம் இருக்கையில் ஆறு வார வெளிநாட்டுப் பயிற்சிக்குப் போய்வந்தார். சொட்டுச் சொட்டாக அளந்து விடும் பியூரெட் குழாயை அவர் கடைசியாகத் தொட்டது எந்த வருஷம் என்று அங்கே யாருக்கும் தெரியாது.

"அங்கெல்லாம் ஆத்துத் தண்ணிய அப்படியே அள்ளிக் குடிக்கறாங்கம்மா" என்றார், ஜெபமணியிடம் சாக்லேட்டை நீட்டியபடி.

"நீங்க குடிச்சீங்களா சார்?"

"நமக்கு ஓட்டல்லயே பாட்டில் குடுத்துட்டாங்க."

அவர் பின்னாலேயே ஒரு பெரிய மரப்பெட்டியில், தண்ணீரைச் சோதிக்கும் மெஷின் வந்தது. அதை ஜெபமணியின் மேசைமேல் ஏற்றினார்கள். ஆறு வருடமாகக் கிணற்றுத் தண்ணீரைச் சோதித்துவந்தவள் கை கழுவும் தொட்டியோரம் ஒதுங்கினாள். மெஷினுக்கு வேண்டிய வாயுவும், ஏசி அறையும், ஓட்டிக் காட்டும் எஞ்சினியரும் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில் வருமாம். அதுவரை பழைய முறையில் எடுத்த முடிவு எதையும் வெளியே தரக் கூடாது என்று திருமூர்த்தி உத்தரவு போட்டார். தரம் முக்கியமாம். உப்பைக் கண்டுபிடிக்கும் சில்வர் நைட்ரேட் தீர்ந்து எட்டு மாதமாகியிருந்தது. கேட்டால், "அதான் மெஷின் வந்துருச்சே" என்றார்.

நஞ்சம்மாள் மூன்றாவது முறையாகக் கேனோடு வந்து நின்றாள். திருப்பூருக்குக் கீழே நொய்யல் கரையில் அவளுக்கு மூன்று ஏக்கர். சாயத் தண்ணீர் ஆற்றில் இறங்கி, ஆற்றிலிருந்து கிணற்றுக்கும் வந்துவிட்டது.

"ஏனுங்க அம்மணி, எருமை மோந்து பாத்துப்போட்டு மூஞ்சியத் திருப்பிக்குதுங்க. கலெக்டர் ஆபீசுல தண்ணியச் சோதிச்ச காயிதம் கேக்கறாங்க. எருமைக்குத் தெரிஞ்சது காயிதத்துல இருந்தாத்தான் நம்புவாங்களாமா?"

ஜெபமணி கேனை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டாள்.

அந்த வாரமே நட்சத்திர ஓட்டலில் மூன்று நாள் பயிலரங்கு. 'உங்கள் தேவை என்ன?' என்று கேட்டு, வண்ணத் தாளில் எழுதிப் பலகையில் ஒட்டச் சொன்னார் வெள்ளைக்கார நிபுணர். பயிற்சி, மேலும் பயிற்சி, வெளிநாட்டில் பயிற்சி என்று தாள்கள் ஏறின. ஜெபமணி மஞ்சள் தாளில் எழுதினாள்: 'சில்வர் நைட்ரேட், நூறு கிராம்.'

நிபுணர் படித்துச் சிரித்தார். நல்ல நகைச்சுவை என்று பாராட்டி, 'சில்லறைத் தடைகள்' என்ற தலைப்பின் கீழ் அதை ஒட்டினார். கூடமே சிரித்தது.

"மானத்த வாங்கிப்போட்டீங்களேம்மா" என்று திருமூர்த்தி பல்லைக் கடித்தார்.

ஜெபமணி கூடத்தைச் சுற்றிப் பார்த்தாள். இத்தனை பெரிய ஓட்டலில், இத்தனை படித்தவர்கள் நடுவில், தண்ணீரைப் பற்றித் தெரிந்த ஒரே ஆள் நஞ்சம்மாள், ஒரு காகிதத்துக்காகத் தெருவில் அலைகிறாள். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே எழுந்து வந்துவிட்டாள். கல்லூரியில் வேதியியல் சொல்லித்தரும் தோழி சாஜிதா பேகத்திடம் ஒரு சிறு பாட்டில் சில்வர் நைட்ரேட் கடன் வாங்கினாள். தொட்டியோரம் நின்று நஞ்சம்மாளின் தண்ணீரில் சொட்டுச் சொட்டாக விட்டாள். நிறங்காட்டி கலந்த மஞ்சள் தண்ணீர் செங்கல் நிறமாக மாறுவதற்குள் பியூரெட்டை இரண்டு முறை நிரப்ப வேண்டியிருந்தது; அத்தனை உப்பு. 'குடிக்க உதவாது, பாசனத்துக்கும் உதவாது' என்று எழுதித் தன் கையெழுத்தையே போட்டுக் கொடுத்தாள்.

திங்கட்கிழமை மனுவோடு அந்தக் காகிதம் கலெக்டர் மேசைக்குப் போனது. இரண்டு வாரத்தில் ஊருக்குத் தண்ணீர் லாரி வந்தது. ஜெபமணிக்கு மெமோ வந்தது. 'முடிவு தவறென்றால் மறுபடி சோதித்துக் காட்டுங்கள்' என்று பதில் எழுதினாள். சோதிக்க ஆளில்லை. மெமோ கோப்புக்குள் படுத்துக்கொண்டது.

திட்டத்தின் இறுதி அறிக்கையில் அந்த லாரியின் படம் வந்தது, 'வளர்ந்த திறனின் முதல் பயன்' என்ற வரியோடு. ஓய்வு பெற்ற திருமூர்த்தி இரண்டாம் கட்டத்துக்கு ஆலோசகரானார்.

லாரி வந்த சேதி ஊர் ஊராகப் பரவ, ஒரு திங்கட்கிழமை ஆய்வுக்கூட வாசலில் நொய்யல் கரையிலிருந்து ஒன்பது பேர் கேன்களோடு நின்றார்கள்.

"உள்ள வாங்க" என்றாள் ஜெபமணி. "கேன் மேல ஊர்ப் பேரு எழுதியிருக்கீங்களா?"