குழலில் ஐந்து விரல்

"தண்ணி காஞ்சுதாடா?" என்று வேலம்மாள் ஹாலில் இருந்து கேட்டாள்.

"காயுதுக்கா" என்றான் கலியன்.

பால்கனியில் மூன்று அடுப்புகள் எரிந்துகொண்டிருந்தன. ஒன்றில், ஐஸ் பெட்டியில் படுத்திருந்த அக்கா புருஷன் ஏகாம்பரத்தைக் குளிப்பாட்ட வெந்நீர். மற்ற இரண்டின் மேலும் நீளவாக்கில் ஒரு தகரத் தொட்டி. அதில் ஏகாம்பரத்தின் இரட்டைக்குழல் துப்பாக்கியின் குழல்கள் வெந்துகொண்டிருந்தன. அக்கா எந்தத் தண்ணீரைக் கேட்கிறாள் என்று கலியனுக்கு விளங்கவில்லை. கேட்கத் துணிச்சலும் இல்லை.

ஏகாம்பரம் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று, சொந்த லைசென்ஸ் துப்பாக்கியோடு டில்லியில் ஒரு பேங்க் வாசலில் பதினொரு வருஷம் காவல் நின்றவர். நேற்று விடியற்காலை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. இன்று காலை பக்கத்து பிளாக் கான்ஸ்டபிள் சௌத்ரி மாலை போட்டுவிட்டு, லைசென்ஸ்காரர் போன பிறகு துப்பாக்கி வீட்டில் இருக்கக்கூடாது, ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட வேண்டும் என்று மெதுவாகச் சொன்னார். "ஜல்தி நஹி ஹை. ஷாம் தக்." அவசரமில்லை, சாயங்காலத்துக்குள் போதுமாம்.

குழல்களோ பாத்ரூமில் செக்கச்செவேலென்று துரு பூத்துத் தொங்கின. வேலம்மாள் அழுகையை நிறுத்திவிட்டு ஒரே ஒரு வார்த்தை சொன்னாள்: "துருவோட குடுத்தா அவரு மானம் போயிடும்டா. முடிச்சுக் குடு."

இந்தத் துரு ஏகாம்பரமே வளர்த்த துரு. பழைய ரெஜிமென்ட் சிநேகிதர் ஒருவர் கொடுத்த மருந்தைத் துணியில் தொட்டுக் குழலில் தடவி, ஈரமான இடத்தில் தொங்கவிட்டால் மறுநாள் மிளகாய்த்தூள் தூவினாற்போல் பூத்துவிடும். அதை வேகவைத்தால் சிவப்பு கறுப்பாகும். மெல்லிய இரும்பு நாரால் தேய்த்துவிட்டு மறுபடி மருந்து. ஏழெட்டுத் தடவை இப்படிச் செய்து எண்ணெய் பூசினால், வந்த துருவே வரப்போகிற துருவை அண்டவிடாது. ஐ.என்.ஏ. மார்க்கெட் பக்கம் இட்லிக் கடை போட்டிருக்கும் கலியனுக்கு இது சட்டென்று பிடிபட்டது. புளிக்கவைத்து வேகவைக்கிற வேலைதானே.

வேண்டாத துரு வந்த கதைதான் வேறு.

கலியன் ரிட்ஜ் காட்டில் சிறுத்தை சுட்டவன். சிறுத்தைக்கு இந்த விஷயம் தெரியாது. கடைக்குச் சாப்பிட வருகிறவர்களுக்கு மட்டும் தெரியும். ஜனவரியில் ஐந்தடி இருந்த சிறுத்தை ஏப்ரலில் எட்டடி ஆனது. செத்த பிறகும் அப்படி வளர்ந்த மிருகம் டில்லி வட்டாரத்தில் அது ஒன்றுதான். ஒருநாள் ஷங்கர் என்கிற வாடிக்கைக்காரன், "துப்பாக்கி எங்கண்ணே? கண்ணுல காட்டுங்களேன்" என்று கேட்டுவிட்டான். ஜூன் மாதம் அது. ஏகாம்பரம் குடலிறக்க ஆபரேஷனுக்காக ஆஸ்பத்திரியில். அக்கா அவர் பக்கத்தில். சாவிக்கொத்து கலியன் இடுப்பில். மாவுக்கு உப்புப் போட்டுக் கலந்த கையோடு அலமாரியைத் திறந்தான். குழலை இறுக்கிப் பிடித்து, ஃப்ரிட்ஜ் முன்னால் விறைத்து நின்று, செல்லில் படம் எடுத்துக்கொண்டான். துடைக்காமல் உறைக்குள் தள்ளிவிட்டுக் கடைக்குப் போனான்.

மழை பிடித்துக்கொண்டது. ஆகஸ்டில், ஓய்வு முடிந்து ஏகாம்பரம் துப்பாக்கியை உறையோடு எடுத்துக்கொண்டு வேலைக்குத் திரும்பிய அன்றே பரிசோதனைக்கு வந்த செக்யூரிட்டி ஏஜென்சி அதிகாரி உறையை உருவியபோது, குழலில் ஒரு பக்கம் நாலு விரல், மறுபக்கம் கட்டைவிரல், அத்தனையும் துருவில் அச்சடித்தாற்போல். பதினொரு வருஷ வேலை அந்த நிமிஷத்தோடு போனது.

ஏகாம்பரம் வீட்டுக்கு வந்து பெல்ட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார். "நாந்தான் ஒருநாள் சரியா தொடைக்காம வச்சுட்டேன் போல. வயசாயிடுச்சுல்ல" என்றார்.

கலியன் எதிரே உட்கார்ந்து டீயை ஊதிக்கொண்டிருந்தான். அப்போது சொல்லியிருக்கலாம். டீ ஆறும்வரை ஊதினான். ஆறிய பிறகும் ஊதினான்.

"புதுசா கறுப்பு ஏத்திக் காட்டுனா திரும்ப எடுத்துக்குவாங்கடா" என்று ஏகாம்பரம் கிளம்பினார். உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிற வேலை கலியனுக்கு. மூன்று நாள் உட்கார்ந்து தன் விரலைத் தானே தேய்த்தான். "ஒனக்கு நல்ல கைடா கலியா" என்றார் மாமா. அடித்திருந்தால்கூட அவன் அன்று நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பான்.

இப்போது கடைசி வேக்காட்டில் தொட்டித் தண்ணீர் தளதளவென்று கொதித்தது. வெறும் கை படக்கூடாது என்பது மாமா சொன்ன சட்டம். துணிக் கையுறை போட்டுக் குழல்களைத் தூக்கினான். சிவப்பு போய்விட்டிருந்தது. நாரால் தேய்த்து எண்ணெய் பூச, எருமைத்தோல் கறுப்பில் மினுங்கியது. மாமா பார்த்திருக்க வேண்டும் என்று நினைத்து வெயிலுக்குத் திருப்பினான்.

கறுப்புக்குள் ஐந்து இடம் இன்னும் கறுப்பாக இருந்தது. உப்புத்தாளில் போனது மேல்துரு மட்டும்தான். உப்பு அரித்த பள்ளங்கள் மருந்தைக் கூடுதலாகக் குடித்துவிட்டு, ஒரு பக்கம் நாலாக, எதிரே ஒன்றாக, பளிச்சென்று நின்றன. நாரை எடுத்து வெறிபிடித்தவன்போல் தேய்த்தான். அது போகிற ஜாதி இல்லை.

"என்னாடா அது?" வேலம்மாள் பின்னால் நின்றிருந்தாள்.

கலியன் நாரை முதுகுக்குப் பின்னால் மறைத்தான்.

அவள் குனிந்து பார்த்தாள். "வெரலு மாதிரி இல்ல இருக்கு... ஐயோ, அவரு கைடா இது! அவரு கை!"

குழல்களைப் பிள்ளையைத் தூக்குவதுபோல இரண்டு கையிலும் ஏந்தி ஹாலுக்குக் கொண்டுபோனாள். கீழ் வீட்டு உஷாராணி அச்சைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மற்றவர்களும் வரிசையாக வந்தார்கள். மாடி வீட்டு ராமமூர்த்தி மட்டும் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "ஏகாம்பரத்துக்கு முறம் மாதிரி கையாச்சே. இது சின்னதா இருக்கே?" என்றார்.

எல்லோரும் ஐஸ் பெட்டியைப் பார்த்தார்கள். கட்டைவிரல்கள் சேர்த்துக் கட்டப்பட்ட அந்தப் பெரிய கைகள் நெஞ்சின்மேல் இருந்தன.

"வேகவச்சா அச்சு சுருங்கும் சார்" என்றது கலியனின் வாய். "இரும்புல அப்படித்தான்."

"அச்சா" என்றார் ராமமூர்த்தி. அவர் கணக்குத் துறையில் இருந்தவர். இரும்பைப் பற்றி யார் எது சொன்னாலும் நம்புவார். எட்டடிச் சிறுத்தையைக்கூட இத்தனை சுருக்காக யாரும் நம்பியதில்லை. கலியன் சுவரோடு சுவராக ஒட்டி நின்றான்.

குளிப்பாட்டி, வேட்டி கட்டி, வாய்க்கரிசியும் போட்டாயிற்று. கீழே வேன் வந்து நின்றது. வேலம்மாள் குழல்களை மடியில் வைத்தபடி கூப்பிட்டாள்.

"கலியா, எடுக்கறதுக்குள்ள நீயும் ஒரு தடவ தொட்டுக்கடா. ஒன்னத் தம்பியாட்டம்தானே வச்சிருந்தாரு."

"கையெல்லாம் எண்ணெய்க்கா."

"இருக்கட்டும். அந்தக் கையொறைய கழட்டு."

கழற்றினான். கை வியர்த்திருந்தது. குழல் முனையோரமாக, அச்சுக்கு நாலு அங்குலம் தள்ளி, விரல்களை மடக்கி வைத்தான்.

"அங்க எங்கடா வக்கிற? இங்க" என்று அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்து நகர்த்தி, விரல்களைப் பிரித்து வைத்தாள். சுண்டுவிரல் உட்கார்ந்தது. பிறகு மற்ற மூன்றும். அந்தப் பக்கம் கட்டைவிரலும். ஒரு மயிரிழை மீதி இல்லை.

வேலம்மாள் அவன் மணிக்கட்டை விடவில்லை. யாரோ ஊதுவத்தி மாற்றினார்கள். கீழே வேன்காரர் ஹாரன் அடித்தார். பிறகு அவரே நிறுத்திக்கொண்டார்.

அவள் அவன் கையைக் குழலிலிருந்து எடுத்தாள். முந்தானையால் உள்ளங்கையைத் துடைத்தாள், விரல் விரலாக. பிறகு முந்தானையின் உலர்ந்த பக்கத்தைத் திருப்பிக்கொண்டு, குழலைத் துடைக்க ஆரம்பித்தாள்.