சோயாக்கறி தடித்த காரணம்

1

இந்தக் கதை என் மூளையில் உதித்ததல்ல. கிண்ணியாவில் எருமைத் தயிர் விற்கும் ஆமினா உம்மா, அதாவது என் சிநேகிதி றிஷானாவின் தாய், கதிரையை என் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டு எழுதச் சொன்னது.

“கீர்த்தனி மகள், எனக்கு அவக்கிட்ட நேரே சொல்ல ஏலாது. நீங்க கதையா எழுதிப் போடுங்க. நீங்க எழுதினா அவ விடாம வாசிப்பா.”

“என்னத்தை உம்மா சொல்லோணும்?”

சொன்னார். கேட்டதும் எனக்கு வந்த ஆத்திரத்தில்

(இந்த வாக்கியம் இப்போதைக்கு இப்படியே கிடக்கட்டும். இடம் வரும்போது முடிக்கிறேன்.)

2

முதலில் றிஷானா. உட்துறைமுக வீதியில் ஒரு காப்புறுதிக் கந்தோரில் எனக்கும் அவளுக்கும் பக்கத்துப் பக்கத்து மேசை. தயிர் விற்கிற வீட்டில் பிறந்தவள், கன்றுக்கு உரிய பாலை உறையவைத்துச் சட்டியில் விற்கிறோமே என்று ஒருநாள் மனம் கலங்கி, இறைச்சி, மீன், முட்டை, பால், தயிர் எல்லாவற்றையும் விட்டுவிட்டாள். ஹஜ்ஜுப் பெருநாளைக்குக் குர்பான் இறைச்சி வீடு நிறைய வந்தாலும் அவளுக்குச் சோயாமாவில் செய்த சோயாமீற் கறிதான். மத்தியானம் உம்மா கட்டிக்கொடுத்த பார்சலை அவள் அவிழ்த்தால் என் மீன்பொரியல் எனக்கே பிடிக்காமல் போகும். அப்படித் தடிப்பான குழம்பு.*

* ‘எப்படி உம்மா இந்தத் தடிப்பு?’ என்று ஒருமுறை கேட்டேன். ‘கெட்டித் தேங்காய்ப்பால் மகள்’ என்றார். நம்பினேன், மடைச்சி.

எல்லாவற்றையும் விட்டு ஆறாம் வருடம் றிஷானா இரத்தம் சோதித்தாள். பாலும் மீனும் விட்டவர்களுக்குக் குறையும் என்று சொல்கிறார்களே பி12 விற்றமின், அது அவளுக்குக் குறையவே இல்லை. ஒரு மாத்திரை, ஒரு குளிசைகூடப் போடாதவள்! “பாத்தியாடி, சோயாவே காணும், வேற ஒண்டும் தேவையில்ல” என்று கந்தோர் முழுக்கத் தம்பட்டம் அடித்தாள். நானும் குளிசை இல்லாமல் மீன், முட்டை, பால்தேத்தண்ணி எல்லாவற்றையும் விட்டது அந்த ரிப்போட்டைப் பார்த்துத்தான்.

மூன்று வருடம் போனது. ஒருநாள் காலை, ஒரு காற்செருப்பை பஸ்ஸிலேயே விட்டுவிட்டு, அது தெரியாமலே கந்தோர் வாசல்வரை நடந்துவந்திருக்கிறேன். பாதம் அப்படி விறைத்துப்போயிருந்தது.

3

(இனிக் கொஞ்சம் கட்டுரை மாதிரி இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.)

பழியைச் சோயாமேல் போடத்தான் எல்லோரும் விரும்பினார்கள். “சோயா திண்டா இப்பிடித்தான். ஆம்பிளையளையே பொம்பிளை ஆக்கிப்போடுமாம்” என்றார் அப்பா. இரத்தம் சோதித்து எனக்கு பி12 குறைவென்று கண்ட டொக்டர் சிரித்துவிட்டார். சோயாவில் நல்ல புரதம் இருக்கிறது, வழமையான அளவில் சாப்பிட்டால் அதனால் யாருக்கும் மீசை உதிராது. ஆனால் அதில் பி12 இல்லை. உடம்பு ஈரலில் சேமித்துவைத்ததை வருடக்கணக்காக எடுத்துச் செலவழித்துவிட்டு, கடைசியில் நரம்பில் கைவைக்கும்.

“மரக்கறியோட மட்டும் தாராளமாச் சீவிக்கலாம். குளிசையை மட்டும் விடக்கூடாது, விளங்கிச்சா?” என்று சொல்லி ஊசி போட்டார். பாதத்தில் மெல்ல உணர்ச்சி வந்தது.

இதையெல்லாம் றிஷானாவிடம் ஒப்புவித்தேன்.

“அது உன்ட உடம்பு. எனக்குச் சோயா காணும், ரிப்போட் இரிக்குத்தானே” என்றாள்.

4

ஆமினா உம்மா என்னிடம் சொன்னது இதுதான்: குழம்பு தடித்தது தயிரால். முதல் நாளிலிருந்தே.

“புள்ள காய்ஞ்சு போயிருவாளோ எண்டு பயம் மகள். நாலு கரண்டி அடிச்சு ஊத்தினா கறியும் ருசி, புள்ளைக்கும் சத்து.”

“அந்தக் கறியை நம்பி என்ர காலெல்லோ போகப் பாத்தது, உம்மா!”

“தெரியும் மகள். அதுக்குந்தான் அழுவுறன்.”

(இடம் வந்துவிட்டது. கேட்டதும் எனக்கு வந்த ஆத்திரத்தில் முன்னால் இருந்த தயிர்ச்சட்டியைத் தூக்கி... இல்லை. இனிப்புப் பாணி ஊற்றிச் சாப்பிட்டுவிட்டேன். வெட்கம்தான்.)

கிண்ணியாவில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்கு வருவார். உம்மாவின் துணிச்சல் அதில்தான் இருந்தது. மகள் எங்கே போகப்போகிறாள், குசினியும் சமையலும் என்றைக்கும் தன் கையில் என்று நினைத்துவிட்டார். இப்போது அவளைக் கட்டிய மாப்பிள்ளை நஸ்ரிக்குக் கட்டார் நாட்டில் வேலை. றிஷானாவையும் கூட்டிக்கொண்டு போகிறார். அவள் பெட்டி நிறையச் சோயாமீற் அடுக்குகிறாள். குளிசை என்றால் முகத்தைத் திருப்புகிறாள்.

“அங்க ஆரு மகள் தயிர் ஊத்துற? நாளைக்கு வயித்துல ஒரு புள்ள உண்டாகினா?”

5

“ஊர், பேரெல்லாம் மாத்திருங்க” என்று உம்மா சொல்லியிருந்தபடியால் மாற்றித்தான் தொடங்கினேன்: ‘சல்லி ஊர்க் கரையில் யோகலிங்கம் என்றொரு மீனவர். மீனைத் தொடாத அவர் மகளின் சம்பலில் களவாக மாசிக்கருவாட்டுத் தூள்’ வரை எழுதி, ஆமினா உம்மாவுக்கு போனில் வாசித்தேன்.

“இது ஆரு யோகலிங்கம்? இத்தின வருஷம் ஒளிச்சு ஒளிச்சு ஊத்தினது நான். பேரு அந்தாளுக்கா?”

ஆகவே யோகலிங்கம் போய்விட்டார். முடிவுகளையும் எழுதிப் பார்த்தேன்.

றிஷானா உம்மாவைக் கட்டிப்பிடித்து அழுது, ஒரு கரண்டி தயிரை வாயில்

(கூடாது. அவள் தயிரை விட்டது நாக்குக்காக அல்ல. இப்படி எழுதினால் நானும் அவளை ஏமாற்றுகிறேன்.)

“இனி இந்த வீட்டுல பச்சத்தண்ணியும் குடிக்க மாட்டன்” என்று றிஷானா

(உம்மா அஞ்சுவது இதற்குத்தான். என் கை எழுதமாட்டேன் என்கிறது.)

6

மற்ற வாசகர்கள் கொஞ்சம் வெளியே நில்லுங்கள்.

றிஷானா, நடுவில் பாய்ந்து வந்திருந்தால் திரும்பிப் போய் முழுவதையும் வாசித்துவிட்டு வா.

கோபம் வரட்டும். உம்மா செய்தது பிழை. அன்பினால் செய்தாலும் பிழை பிழைதான். உன் மனச்சாட்சியை உனக்குத் தெரியாமல் உடைத்தார். உன் ரிப்போட் நல்லாயிருந்ததும் அதனால்தான். அந்தக் குளிசையைப் போடடி. அந்த விற்றமினைச் செய்வது பக்டீரியா, அதற்காக எந்தக் கன்றும் பட்டினி கிடக்கவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது, அதனால்தான் எழுதினேன்.

இந்தக் கதை வெளிவருகிற அன்று, நீ வாசித்துவிட்டு ஒரு சொல் சொல்லும்வரை குசினிக்குள் கால் வைக்கமாட்டேன் என்று உம்மா என்னிடம் சொல்லியிருக்கிறார். அப்படியென்றால் இன்று வீட்டில் சமையல் இல்லை. உனக்குப் பசிக்கும். நீ சாப்பிடாமல் அவரும் சாப்பிடமாட்டார்.

யார் முதலில் எழும்பி அடுப்பை மூட்டுவது என்று எனக்கு எழுதத் தெரியவில்லை.