வெண்கலத் தளபதியைக் கழுவுதல்

கலைஞனுக்கு மரணமில்லை என்பார்கள். இலாரியோ விஷயத்தில் அது நாற்பது நிமிடம் உண்மையாக இருந்தது. ஞாயிறு பதினொன்றரை மணிக்கு, புவெனஸ் ஐரிஸின் சான் டெல்மோ சந்தைத் தெருவில், உடம்பெல்லாம் வெண்கலப் பூச்சோடு, காசுக்காக விடுதலைத் தளபதியின் சிலையாக வாளை நீட்டி நின்றபடியே அவன் இதயம் நின்றுபோனது. பீடத்தில் நட்டு, கோட்டுக்குள் முதுகோடு கட்டியிருந்த இரும்புக் கம்பி அவனை விழவிடவில்லை. இமைகூட அசையாத சிலையைக் கண்டு சுற்றுலாக் கூட்டம் அசந்துபோனது. இருபத்திரண்டு வருடத் தொழிலில் அவனுக்கு அவ்வளவு கைதட்டல் கிடைத்ததில்லை.

திங்கள் மதியம் ஒரு மணிக்கு, இறுதிச் சடங்கு நிலையத்தின் பின்னறையில், அவன் மனைவி நேலிடா அவன் முகத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். சோப்பு போட்டாயிற்று. முகக் கிரீம் போட்டாயிற்று. மண்ணெண்ணெயும் பார்த்தாயிற்று. வெண்கலம் இன்னும் பளபளத்ததுதான் மிச்சம்.

அந்த ஊரின் ஜனவரிக் கோடை வெயிலிலும் வழியாத அந்தப் பூச்சு அவன் கண்டுபிடிப்பு. அதைக் கழுவும் கலவையும் அவனுடையதுதான். அதில் என்ன இருக்கிறது என்று கேட்டால், "கலைஞன் தன் ரகசியத்தப் பொண்டாட்டிகிட்டகூடச் சொல்லமாட்டான்" என்பான். சொல்லவில்லை. புட்டியும் காலி.

"பெட்டிய மூடிடலாமேம்மா," என்றான் நிலையத்து ஆள் கஸ்பார். "நாங்க வெளுத்துப்போனவங்களுக்கு நிறம் ஏத்துவோம். ஏறின நிறத்த இறக்கிப் பழக்கமில்ல."

"மூணு மணிக்கு ரொசாரியோ பஸ்ல அவர் அக்கா வர்றாங்க. முப்பது வருஷம் ஹெட்மிஸ்ட்ரஸ். திறன்னு சொன்னா நீங்களே திறந்துடுவீங்க."

அந்த அக்கா எர்மீனியாவைப் பொறுத்தவரை தம்பி ஒரு சிற்பி. 'பொது இடங்களில் சிலை' என்றுதான் அவன் கடிதங்களில் எழுதுவான். அவள் ஊரெல்லாம் சொல்லி, நூலகத்தில் அவன் பேசவும் ஏற்பாடு செய்தாள். 'வேலை நடக்கிறது, அசைய முடியாது' என்று பதில் போட்டான். அது மட்டும் பொய்யில்லை. போன குளிர்காலத்தில் காய்ச்சலில் கிடந்தபோது நேலிடாவின் கையைப் பிடித்துக்கொண்டான். "எனக்கு ஏதாவது ஆச்சுன்னா, அக்கா என்னப் பூச்சோட பாத்துடக்கூடாது, நேலி." அவள் சத்தியம் செய்திருந்தாள்.

சந்தைத் தெருவில் சோரிபான், அதாவது ரொட்டிக்குள் சுட்ட சாசேஜ், விற்கும் டீட்டோ ஒரு டப்பாவோடு உள்ளே வந்தான்.

"மாட்டுக் கொழுப்பு, தங்கச்சி. என் கையில இருக்கிற அடுப்புக் கரியே இதுல போயிடுது."

அவள் வாங்கித் தேய்த்தாள்.

"நேத்தும் பன்னெண்டு மணி தாண்டி அவனுக்கு சோரிபான் கொண்டுபோனேன். சாஸ் வேணும்னா கண்ணடிப்பான். அடிக்கல. திமிருன்னு நெனச்சு, 'பெரிய தளபதியாடா நீ'ன்னு கண்டபடி திட்டிட்டேன்." அவன் மூக்கைத் துடைத்துக்கொண்டான். "ஜனங்க அதுக்கும் கைதட்டினாங்க."

இடது கன்னத்தில் உள்ளங்கை அளவுக்கு மனிதத் தோல் தெரிந்தது. நேலிடா வெறிபிடித்தவள்போலத் தேய்த்தாள். பிறகு சட்டென்று கையை எடுத்து, குனிந்து, "வலிக்குதா?" என்று கேட்டாள். கஸ்பார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

மூன்று மணிக்குள் முகம் வந்துவிட்டது. நெற்றி மட்டும் மசியவில்லை. கஸ்பார் அதன்மேல் தோல்நிறப் பவுடரை அப்பினான். கைகளுக்கு நேரமில்லை, வெள்ளைக் கையுறை மாட்டினார்கள்.

எர்மீனியா வந்து நெடுநேரம் பார்த்தாள்.

"உளி பிடிச்ச கைக்கு எதுக்கு உறை?"

"சிமெண்ட் பட்டுப் புண்ணாயிடுச்சு, அண்ணி."

"சொல்லவே இல்லையே. கடைசிவரைக்கும் வேலை, வேலை." அவள் குனிந்து தம்பியின் நெற்றியில் அழுத்தி முத்தமிட்டாள். நிமிர வெகுநேரம் ஆயிற்று. நேலிடா பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நெற்றியில் கொழுப்பு அப்போதுதான் ஊறியிருக்க வேண்டும். மாலை ஆறு மணிவரை எர்மீனியா வெண்கல உதடுகளோடு, துக்கத்துக்கு வந்த சந்தைக்காரர்களிடம் தன் தம்பி செய்த சிலைகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள்.