நைமாவின் சிவப்பு அட்டை

மேடையில் உட்கார்ந்திருந்தவர்கள் அந்தப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளைவிட அதிகம். பஞ்சாயத்து நடத்தும் சிறப்புப் பள்ளிக்குப் புது வகுப்பறை திறப்பு விழா. வரவேற்புரை முடிந்து பிரசிடெண்டின் தலைமையுரை ஓடிக்கொண்டிருந்தது. அதற்குப் பின்னால் வாழ்த்துரைகள் வரிசைகட்டி நின்றன. எல்லோரும் இரண்டே வார்த்தை பேசுவதாகத்தான் வாக்குக் கொடுத்திருந்தார்கள்.

"ஸ்பீக்கர் வேண்டாம் சார், நம்ம பிள்ளைங்களுக்குச் சத்தம் ஆகாது" என்று லிஸ்ஸம்மா டீச்சர் முந்தின நாளே கேட்டுப் பார்த்தாள்.

"மைக் இல்லாம பேச நான் என்ன துக்க வீட்டுக்கா வர்றேன் டீச்சரே?" என்றார் பிரசிடெண்ட் திவாகரன்.

இப்போது டீச்சரின் கண் முழுக்க நைமாவின் மேல் இருந்தது. ஒன்பது வயது. பேச்சு வராது. தாங்க முடியாதபோது தன் மணிக்கட்டையே கடித்துக்கொள்வாள். தழும்பின் மேல் தழும்பு. ஒரு வருடம் பாடுபட்டு டீச்சர் அவளுக்கு ஒரே ஒரு சொல்லைக் கற்றுக்கொடுத்திருந்தாள். கழுத்துக் கயிற்றில் தொங்கும் சிவப்பு அட்டை. கொக்கியிலிருந்து கழற்றி நீட்டினால் 'போதும்' என்று அர்த்தம். நீட்டியதும் எதுவானாலும் நின்றாக வேண்டும்: பாட்டு, பாடம், வாயருகே வந்த சோறு. ஒருமுறை நிற்காமல் போனாலும் அது வெறும் அட்டையாகிவிடும். அப்புறம் கடிதான் மறுபடி பேச்சு.

"தலை சீவப் போனாக்கூட அட்டைய நீட்டுறா டீச்சரே" என்று நைமாவின் உம்மா சுஹரா போன வாரம்தான் பெருமையாகக் குறைபட்டுக்கொண்டாள். "என் வீட்டுல எனக்கே அதிகாரம் போச்சு."

"போகட்டும் இத்தா. நீங்க வச்சிருந்து என்ன கிழிச்சீங்க?"

'சமூகத்தின் மனச்சாட்சியைத் தட்டி எழுப்பும்' என்ற இடத்தில் ஸ்பீக்கர் கிரீச்சென்று கத்தியது. நைமா எழுந்தாள். அவள் கை வாய்க்குப் போகவில்லை, கழுத்துக்குப் போயிற்று. நேராக மேடையேறி பிரசிடெண்டிடம் அட்டையை நீட்டினாள்.

லிஸ்ஸம்மா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். பழக்கமில்லாத இடத்தில், பழக்கமில்லாத ஆளிடம், தானாகவே!

திவாகரன் நெகிழ்ந்துபோனார். "பாத்தீங்களா, இந்தக் குழந்தை எனக்குத் தர்ற அன்புப் பரிசு!" வாங்கி, போட்டோவுக்குக் காட்டி, சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து முழங்கினார்.

நைமா தன் வெறுங்கையைப் பார்த்தாள். கொஞ்சம் காத்திருந்தாள். பிறகு மணிக்கட்டு மெல்ல வாயை நோக்கி உயர்ந்தது.

டீச்சருடையது ஒப்பந்த வேலை. அடுத்த மாதம் அதை நீட்டித்துக் கையெழுத்துப் போட வேண்டியவர் மைக்குக்கு முன்னால் நின்றார். இது நினைவுக்கு வந்தபோது அவள் பாதிப் படி ஏறிவிட்டிருந்தாள்.

"சார், அது பரிசு இல்ல. போதும்னு சொல்றா."

"என்னது போதும்?"

"உங்க பேச்சு சார்."

மைக் அதையும் ஊருக்கெல்லாம் சொன்னது. முதலில் யாரும் சிரிக்கவில்லை. பிறகு எல்லோரும் சிரித்தார்கள்.

"இன்னும் ரெண்டே வார்த்தை டீச்சரே…"

"ஒண்ணுகூட வேண்டாம் சார். இப்ப நிறுத்தினாத்தான் இனிமேலும் அட்டைய எடுப்பா. இல்லன்னா கையைத்தான் கடிப்பா."

சொல்லிக்கொண்டே ஸ்பீக்கரை அணைத்தாள்.

திவாகரன் நைமாவின் தழும்புகளைப் பார்த்தார். அல்லது பத்திரிகைக்காரரின் கேமராவைப் பார்த்தாரோ என்னவோ, உட்கார்ந்துவிட்டார். அவருடைய அரசியல் வாழ்க்கையில் முடிவுரை இல்லாமல் முடிந்த முதல் உரை. நைமாவின் கை கீழே இறங்கியது.

அடுத்து எதிர்க்கட்சி மெம்பர் ஜோசூட்டி. "எங்க நிறுத்தணும்னு ஒரு மனுஷனுக்குத் தெரியணும் பாருங்க" என்று மைக் இல்லாமலே ஆரம்பித்தவர், நிறுத்துகிற வழியைக் காணோம்.

திவாகரனுக்குச் சட்டென்று தன் பை ஞாபகம் வந்தது. அட்டையை எடுத்து நைமாவின் கையில் திணித்துக் குனிந்தார். "மோளே, அந்த ஆள்கிட்ட காட்டு. காட்டுடி கண்ணு."

நைமா ஜோசூட்டியைப் பார்த்தாள். மெல்லிய குரல், அவளுக்கு அவரால் ஒரு தொந்தரவும் இல்லை. அட்டையைக் கொக்கியில் மாட்டிக்கொண்டாள்.

"காட்டு மோளே, காட்டு" என்று திவாகரன் அவள் முழங்கையைத் தட்டினார்.

அவள் அட்டையைக் கழற்றி அவரிடமே நீட்டினாள்.

இந்த முறை அவர் உடனே நிறுத்திக்கொண்டார்.