கட்டை விரலுக்கு ஒரு பள்ளம்

என் நாத்தனாருக்கு வீட்டில் நாங்கள் வைத்த பெயர் ரேடியோ. ஒரு விஷயம் அவள் காதில் விழுந்தால் அடுத்த நிமிஷம் ஒலிபரப்பாகிவிடும். அவள் ஃபோனில் பல நாட்டுக் குயவர்கள் கூடிப் பேசும் குழு ஒன்று இருக்கிறது என்று தெரிந்த அன்றே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

ஒரு தடவை சூடுபட்டவள் நான். போன வருஷம், ஓரத்தை இலை மாதிரி மடித்து நான் செய்த தட்டைப் படம் எடுத்து அந்தக் குழுவில் போட்டாள். நாலே மாதத்தில் எங்கள் தெருமுனைக் கடையில் அது வந்து உட்கார்ந்துவிட்டது. மிஷினில் அடித்தது, ஆனால் மடிப்பு என் மடிப்பு. களிமண் கையோடு போய்க் கடைக்காரரிடம் சண்டை போட்டேன். பெட்டியில் வந்ததை அடுக்கியவர், பாவம், அவர் என்ன செய்வார்?

அன்றிலிருந்து என்னைக் கேட்காமல் எதையும் படம் போடக் கூடாது என்று சட்டம் போட்டேன். அதிலும் ஒரு பொருளைக் காட்டவே கூடாது. அது என் கணவரின் டீக் கோப்பை.

எட்டு மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்து அவருடைய வலது பக்கம் விழுந்துவிட்டது. முப்பது வருஷம் சக்கரத்தில் மண்ணை நிமிர்த்திய கை அது. இடது கை வேலை செய்கிறது, ஆனால் நடுங்கும். கோப்பையைத் தூக்கினால் பாதி மடியில் கொட்டும். நான் புகட்டினால் குடித்துவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். யாராவது வந்தால் இரண்டு கையும் துண்டுக்கு அடியில் போய்விடும்.

பதினோரு கோப்பை செய்து பார்த்தேன், ஒன்றும் சரிவரவில்லை. பன்னிரண்டாவதில் பிடியை நாலு விரலும் உள்ளே போகிற அகலத்துக்கு வைத்தேன். பிடியின் தலையில் கட்டை விரல் உட்கார ஒரு பள்ளம், இடது கைக்குத் தோதாக ஒரு பக்கம் சாய்த்து. அதில் அவர் தானாகவே ஒரு டீயைக் குடித்து முடித்த அன்று நான் சூளைக்குப் பின்னால் போய் அழுதேன். அந்தக் கோப்பை எங்களுடையது, சரக்கு இல்லை.

ஒரு மத்தியானம் ரேடியோ ஃபோனை மார்போடு அணைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"அண்ணி, திட்டக் கூடாது."

"அப்போ திட்டுற மாதிரி ஏதோ பண்ணியிருக்கே."

ஃபோனைக் காட்டினாள். யாருடைய மேஜையிலோ நீல நிறத்தில் எங்கள் கோப்பை. அதே பிடி, அதே பள்ளம். ஒரு மாதத்துக்கு முன் எங்கள் வீட்டுக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, தானும் பல்லைக் காட்டிக்கொண்டு, இவள் படம் போட்டிருக்கிறாள். எனக்குக் கண்மண் தெரியாத கோபம்.

"என் புருஷன் குடிக்கிற கப்புடி அது. அதையுமா சந்திக்கு இழுப்பே?"

அவள் முகம் சின்னதாகிவிட்டது. "எங்க அண்ணன் தானா குடிக்கிறாரேன்னு சந்தோஷம் அண்ணி. யார்கிட்டயாவது சொல்லணும் போல இருந்துச்சு."

மறுபடி படத்தைப் பார்த்தேன். பள்ளம் மறுபக்கம் சாய்ந்திருந்தது. தானும் படத்தில் தெரிய வேண்டும் என்று இவள் முன்பக்கக் கேமராவில் எடுத்திருக்கிறாள். அது கண்ணாடி மாதிரி இடத்தை வலமாக்கிவிட்டது. அங்கே ஒரு மகராசி அதைப் பார்த்து அப்படியே செய்திருக்கிறாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"திருடினாலும் உருப்படியாத் திருடத் தெரியலையே."

"கீழ எழுதியிருக்காங்க அண்ணி," என்று ரேடியோ, ஃபோன் மொழிபெயர்த்துக் கொடுத்ததை வாசித்தாள். அந்தப் பெண் கோப்பையை விற்பதற்காகச் செய்யவில்லையாம். அவளுடைய அண்ணனுக்கு இடது கை மட்டும்தான் வேலை செய்யும், அவருக்காகச் செய்தாளாம். விரல் வழுக்கி, இரண்டு தடவை கொதிக்கக் கொதிக்கத் தன்மேல் கொட்டிக்கொண்டாராம். என் தப்பு எது, சொல்வீர்களா என்று கேட்டிருந்தாள்.

"பதில் போடாதே," என்றேன்.

நாங்கள் வாயைத் திறக்காமல் இருந்தாலே போதும். தப்பான கோப்பையை எந்தக் கம்பெனிக்காரனும் காப்பியடிக்க மாட்டான். சரியாகச் சொல்லிக் கொடுத்தால் நாளைக்கே என் கணவரின் கோப்பை பெட்டி பெட்டியாகக் கடைக்கு வந்து இறங்கும்.

அவருக்கு டீ கொடுக்கும்போது எல்லாவற்றையும் சொன்னேன். என் கட்சிக்கு வந்துவிடுவார் என்ற தைரியம். அவர் கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தார். வார்த்தை அவருக்கு ஒவ்வொன்றாகத்தான் வரும்.

"சுட்டிருக்குமே."

"யாருக்கு?"

"அந்த... அண்ணனுக்கு."

சூடான டீ மடியில் விழுந்தால் எப்படி இருக்கும் என்று எங்கள் வீட்டில் அவருக்குத்தான் தெரியும். எனக்கு வெட்கமாக இருந்தது, ஆனாலும் விடவில்லை.

"நாளைக்கு எல்லாரும் காப்பியடிச்சா?"

"அடிக்கட்டும். சரியா... அடிக்கட்டும்."

ரேடியோவைக் கூப்பிட்டேன். பின்பக்கக் கேமராவில் எடு என்று இரண்டு தடவை சொன்னேன். வெறும் கோப்பையைத் தூக்கிப் பிடித்து, பள்ளம் எந்தப் பக்கம் சாய வேண்டும் என்று நான் விளக்க ஆரம்பித்ததும் அவர் தலையை ஆட்டினார்.

"கையோட எடு," என்றார். துண்டை விலக்கி இடது கையை வெளியே எடுத்தார்.

அந்த நடுங்குகிற கையை அவர் வெளியாள் யாருக்கும் காட்டியதில்லை. கட்டை விரலைப் பள்ளத்தில் வைத்துக் கோப்பையைத் தூக்கினார். ரேடியோ படம் பிடித்து அந்தப் பெண்ணுக்கு அனுப்பினாள்.

மறுநாளிலிருந்து காலையில் கண் விழித்ததும் அவர் கேட்கும் முதல் கேள்வி, "குடிச்சாரா?" பன்னிரண்டாம் நாள் படம் வந்தது. ரோமம் அடர்ந்த பெரிய கை ஒன்று, பிடிக்குள் நாலு விரல், பள்ளத்தில் கட்டை விரல். ரேடியோ கைதட்டினாள். அவர் ஃபோனை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"என்னங்க, மறுபடியும் தப்பா?"

"அவர் விரல் தடி. பள்ளம்... இன்னும் ஒரு நூல் அகலம் வேணும். எழுது."

படுத்ததிலிருந்து அவர் மண்ணைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. பட்டறைப் பக்கம் பார்த்ததுகூட இல்லை. நானும் ரேடியோவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"எழுதினா அவங்களுக்குப் புரியுமா அண்ணா?" என்றாள் ரேடியோ.

அவர் ஃபோனைத் திருப்பிக் கொடுத்தார். பிறகு என்னிடம், "மண்ணு கொண்டா. பண்ணிக் காட்டறேன்," என்றார்.

தொட்டியில் பதமான மண்ணாகப் பார்த்து எடுக்க எனக்குக் கொஞ்சம் நேரமானது. கண் சரியாகத் தெரியவில்லை.