கிழிந்த தலையணைக்குள் எங்கள் ஊர்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒரு தலையணைக்குள்ளிருந்து வந்தது. அலங்காரத்துக்காக இப்படிச் சொல்லவில்லை. நானும் அம்மாவும் வேலை பார்க்கும் லாட்ஜில், துணி வைக்கும் அறையின் மேல்தட்டில் ஓரம் கிழிந்த தலையணை ஒன்று கிடந்தது. மூலையில் நீல நூலால் ஒரு முடிச்சு. நீல முடிச்சுப் போட்டதைத் தங்க வருகிறவர்களுக்குக் கொடுக்கக் கூடாது என்பது எனக்கும் அம்மாவுக்கும் உள்ள ஏற்பாடு. யாரும் தொடமாட்டார்கள் என்று நம்பி என் நோட்டை அதற்குள் வைத்திருந்தேன்.

கதைக்கு மூன்று தொடக்கம் எழுதிப் பார்த்தேன். முதலாவது:

“எங்கள் ஊரைப் போல ஓர் ஊர் இந்த உலகத்தில்—”

உலகத்தை நான் பார்த்ததில்லை. அடித்துவிட்டேன். இரண்டாவது:

“அதிகாலையில் எங்கள் ஊர் சோம்பல் முறித்து எழும்போது—”

அதிகாலையில் ஊர் எழுவதில்லை. நானும் அம்மாவும்தான் எழுகிறோம். மூன்றாவது, நீங்கள் இப்போது படித்தது. அதுவும் எனக்குத் திருப்தியில்லை. ஆனால் இன்று இருபத்திரண்டு படுக்கை மாற்றியிருக்கிறேன். நாலாவதை யோசிக்கத் தெம்பில்லை.

2

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எனக்குப் பிடிக்காத பகுதி இது. சீக்கிரம் முடித்துவிடுகிறேன்.

நான் ஒன்பதாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தபோது, அம்மா ஈர விரிப்புகளைச் சுமந்துகொண்டு மாடிப்படியில் வழுக்கி விழுந்தாள். எட்டு மாதம் படி ஏறக் கூடாது என்றார் டாக்டர். லாட்ஜுக்கு மூன்று மாடி. அவளுக்குப் பதில் நான் ஏறினேன். எட்டு மாதம் கழித்து அம்மா நொண்டிக்கொண்டே ஏறத் தொடங்கினாள். அப்போது என்னைப் பள்ளிக்கூடம் போகாதே என்று யாரும் சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. நான் கேட்கவுமில்லை.

(நான் எதையும் கேட்பதில்லை. நடந்தால் சத்தமே வராது என்பதால் அம்மா என்னைப் பூனை என்றுதான் கூப்பிடுவாள். “பூனையாச்சும் பசிச்சா கத்தும்” என்பார் லாட்ஜ் மேனேஜர்.)

நோட்டு என்றதும் கடையில் வாங்கிய நோட்டு என்று நினைத்துவிடாதீர்கள். தங்க வருகிறவர்கள் நிரப்ப வேண்டிய படிவத்தை ஒருமுறை மாற்றி அச்சடித்தார்கள். பழைய படிவம் ஒரு கட்டு மிஞ்சியது. தலையணை தைக்கும் நூலால் அதைத் தைத்துக்கொண்டேன். ஒவ்வொரு தாளின் முன்பக்கமும் “எந்த ஊர்? வந்த காரணம்?” என்று கேட்கும். பின்பக்கம் வெறுமையாக இருக்கும். நான் பின்பக்கத்தில் எழுதினேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். அம்மாவுக்கு இந்த ஊர் பிடிக்காது.

“இந்த ஊர்ல என்னடி இருக்கு? படி இருக்கு. வேற என்ன இருக்கு?” என்பாள்.

அம்மாவின் தம்பி, என் மாமா, பெரிய நகரத்தில் இருக்கிறார். அங்கே ஓர் ஆஸ்பத்திரியின் துணி துவைக்கும் இடத்தில் எங்கள் இருவருக்கும் வேலை சொல்லி வைத்திருந்தார். அங்கே லிஃப்ட் இருக்கிறதாம். வருகிறோமா இல்லையா என்று ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும். அம்மா லிஃப்டைப் பற்றி, பார்க்காத சொந்தக்காரரைப் பற்றிப் பேசுவதுபோலப் பேசத் தொடங்கிவிட்டாள்.

எனக்குப் போக விருப்பமில்லை. இந்த ஊர் எனக்குப் பிடித்திருக்கிறது. இந்த இரண்டு வரியை நான் அம்மாவிடம் சொல்லவில்லை. மூன்று வருடமாக நோட்டில்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

3

நோட்டில் இருந்ததில் கொஞ்சம்:

பெயின்ட் கடைப் பின்சுவர். கடைக்காரர் கலந்து காட்டிய நிறத்தையெல்லாம், பிரஷ்ஷைக் கழுவும் முன் அந்தச் சுவரில் ஓர் இழுப்பு இழுத்துத் துடைப்பார். ஊரில் வெள்ளையடித்த, நீலமடித்த எல்லா வீட்டின் நிறமும் அங்கே ஒரு முழ நீளத்துக்கு இருக்கும். உங்கள் வீட்டை அதில் தேடிக் கண்டுபிடிக்கலாம்.

லாட்ஜ் மொட்டைமாடி. காலையில் விரிப்புக் காயப்போடும்போது மூன்று பள்ளிக்கூட மணியும் கேட்கும். ஒன்றாக அடிக்காது. ஒன்று முடிந்து இன்னொன்று. ஒரே மணியைக் கைமாற்றிக் கைமாற்றி அடிப்பதுபோல இருக்கும்.

தண்ணீர்த் தொட்டி. சுற்றுவட்டாரத்திலேயே இதுதான் உயரம்.

(கடைசி வரி பெருமைக்காகப் போட்டது. நான் அளந்து பார்க்கவில்லை. ஊர்ப் பெருமை எழுதும்போது இப்படி ஒன்றிரண்டு கையோடு வந்துவிடுகிறது.)

4

அந்த வாரம் ஏதோ விளையாட்டுப் போட்டிக்காக மூன்று பஸ் நிறைய ஆட்கள் வந்து இறங்கினார்கள். எல்லா அறையும் நிரம்பியது. நான் மூன்றாம் மாடியில் இருந்தேன். கீழே அம்மா தலையணை போதாமல், நீல முடிச்சுத் தலையணைக்கு நல்ல உறை ஒன்றை மாட்டிப் பன்னிரண்டாம் அறைக்குக் கொடுத்துவிட்டாள். விதியை மீறியது அவள். விதி மீறப்படாது என்று நம்பியது நான்.

பன்னிரண்டாம் அறையில் யார் இருந்தார்கள் என்பதில்தான் எனக்குக் குழப்பம். முதல் பிரதியில் ஒரு பெரியவரைத் தங்க வைத்தேன். சின்ன வயதில் இந்த ஊரை விட்டுப் போனவர். நாற்பது வருடம் கழித்து வருகிறார். நோட்டைப் படிக்கிறார். பெயின்ட் கடைச் சுவரில் தன் பழைய வீட்டின் நிறத்தைப் பார்த்து அழுகிறார். நன்றாகவே அழுதார். ஒன்றரைப் பக்கம் அழுதார். மறுநாள் படித்தபோது எனக்கே கூச்சமாக இருந்தது. அவரைக் காலி செய்யச் சொல்லிவிட்டேன்.

உண்மையில் இருந்தது ஒரு மேடம். கடைகளில் தராசும் எடைக்கல்லும் சரியாக இருக்கின்றனவா என்று சோதித்து முத்திரை குத்தும் அதிகாரி. ஒரு பெட்டி நிறையப் பித்தளைக் கற்கள் கொண்டுவந்திருந்தார். அந்தப் பெட்டியை முதல் மாடிக்குத் தூக்கிப் போனது நான்தான். “பாத்து, பாத்து. உன்னைவிட அது கனம்” என்றார். அவ்வளவுதான் எங்களுக்குள் பேச்சு.

5

வியாழக்கிழமை காலை அவர் அறையைக் காலி செய்ய இறங்கி வந்தார். நானும் அம்மாவும் படியடியில் பக்கெட்டோடு நின்றோம்.

“சார், உங்க லாட்ஜ்ல தலையணைக்குள்ள என்ன வைப்பீங்க?” என்று மேனேஜரைக் கேட்டார்.

“பஞ்சுதான் மேடம்.”

“எனக்குப் புத்தகம் வந்திருக்கே.”

என் நோட்டை மேஜைமேல் வைத்தார். என் காதுக்குள் ஊரிலுள்ள மூன்று—

(வேண்டாம். மணி, இடி எதுவும் ஒலிக்கவில்லை. பக்கெட்டைக் கீழே வைத்தேன்.)

“ஐயோ மேடம், எழுத்துமூலமா புகார் எதுவும் மேலிடத்துக்குப் போட்டுடாதீங்க” என்றார் மேனேஜர்.

“நான் எதுக்குப் போடப்போறேன்? முதல் நாளே கழுத்து வலி. உருவிப் பாத்தா இது. ரெண்டு நாளும் வேலை முடிஞ்சதும் இதைக் கையில வெச்சுக்கிட்டுத்தான் ஊரைச் சுத்தினேன். யாரு எழுதினது?”

மேனேஜர் எங்கள் பக்கம் திரும்பினார். “ஏம்மா, இது யாரோடது?”

அம்மா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு நோட்டை வாங்கினாள். ஒரு பக்கத்தைத் திறந்தாள். தினமும் லாண்டரிக்குப் போகும் சீட்டை நான்தான் எழுதுகிறேன். விரிப்பு இத்தனை, உறை இத்தனை என்று. என் கையெழுத்து அவளுக்கு என் முகம் மாதிரி. அந்தப் பக்கத்தைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை.

“எனக்கென்ன சார் தெரியும்? தங்கிட்டுப் போனவங்க யாராச்சும் விட்டுட்டுப் போயிருப்பாங்க.”

“நம்ம ஃபாரம் மாதிரி இருக்கு?”

“ஃபாரத்தை நீங்கதான சார் எல்லாருக்கும் கொடுக்கறீங்க?”

மேடம் சிரித்தார். “எழுதினவங்க வந்தா சொல்லுங்க, ஒருத்தி முழுசாப் படிச்சாச்சுன்னு” என்றார். பெட்டியைத் தூக்க இந்தத் தடவை என்னைக் கூப்பிடவில்லை. போட்டிக்கு வந்த பஸ் ஒன்றின் ஓட்டுநருடைய உதவியாளர் வந்து தூக்கிப் போனார்.

அம்மா ஏன் பொய் சொன்னாள்? நாலு காரணம் எழுதி, நாலையும் அடித்துவிட்டேன். என்னைக் காப்பாற்றத்தான் என்றால் எனக்குச் சுகமாக இருக்கும். என்னை நினைத்து வெட்கப்பட்டாள் என்றால் கதைக்கு நன்றாக இருக்கும். எது என்று எனக்குத் தெரியாது. நானோ பக்கத்தில் நின்றும் “என்னுது” என்று ஒரு சொல் சொல்லவில்லை. அதை யாரும் எந்தக் காரணத்தாலும் மூடி மறைக்க முடியாது.

“குப்பையில போடும்மா” என்றார் மேனேஜர். அம்மா நோட்டைப் பக்கெட்டில் போட்டாள். காய்ந்த துணிமேல், நனையாமல்.

6

இரண்டு நாள் அம்மா எதுவும் பேசவில்லை. எனக்கு இது புதிதாக இருந்தது. எங்கள் வீட்டில் பேசாமலிருப்பது என் வேலை.

சனிக்கிழமை மேல்தட்டில் நீல முடிச்சுத் தலையணை திரும்ப வந்திருந்தது. கிழிசலை அம்மா தைத்திருந்தாள். முழுவதும் தைக்கவில்லை. என் கை நுழையும் அளவுக்கு விட்டிருந்தாள். உள்ளே நோட்டு.

ஓரங்களில் மேடம் பென்சிலால் எழுதியிருந்தார். பெயின்ட் கடைச் சுவருக்குப் பக்கத்தில்: “நேரில் பார்த்தேன். சரியான எடை.” தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில்: “எடை குறைவு. பக்கத்து ஊர்த் தொட்டி இதைவிட உயரம்.” மொட்டைமாடிக்குப் பக்கத்தில்: “மேனேஜர் கதவைப் பூட்டி வைத்திருக்கிறார். சோதிக்க முடியவில்லை.”

நான் வாய்விட்டுச் சிரித்தேன். துணி அறையில் அந்தச் சத்தம் யாருடையதோ போல இருந்தது.

7

இங்கே இரண்டு முடிவு எழுதிப் பார்த்தேன்.

முதல் முடிவு: அம்மா மாமாவுக்கு போன் போட்டு, “தம்பி, இது என் பொண்ணு எழுதுற ஊரு, நாங்க வரல” என்கிறாள். அம்மா அப்படிப் பேசவே மாட்டாள். பேசினால் நான் டாக்டரிடம் கூட்டிப்போவேன்.

இரண்டாவது: போகிறோம். அம்மா லிஃப்டில் ஏறி நிற்கிறாள், கண்ணை மூடிக்கொள்கிறாள், படியேறும்போது வைப்பதுபோல இடுப்பில் கைவைக்கவில்லை. நான் புது ஊரைப் பற்றி எழுதத் தொடங்குகிறேன். இது நடக்கக்கூடியது. அதனால்தான் இரண்டு பத்திக்குமேல் என்னால் எழுத முடியவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வேலை முடிந்து, பாத்திரம் கழுவிக்கொண்டே அம்மா கேட்டாள்:

“ரயில் கேட்டை எத்தனை மணிக்குச் சாத்துவாங்க?”

(இதை உங்களிடம் நான் முன்பு சொல்லவில்லை. நோட்டில் அது நாலு வரிதான். கேட் சாத்தினால் ஊரே நிற்கும், அவசரக்காரர்கூட வண்டியை அணைத்துவிட்டு யாரிடமாவது பேசுவார், பத்து நிமிடம் யாருக்கும் எந்த வேலையும் இல்லை என்று எழுதியிருந்தேன்.)

“நாலரைக்கு” என்றேன்.

“பத்து நிமிஷம் சும்மா நிக்கலாம்னு எழுதியிருக்க. பொய்யின்னா பாத்துக்க.”

போனோம். அம்மா அந்தப் பக்கம் வந்து வருடக்கணக்காகிறது. லாட்ஜ், வீடு, ஆஸ்பத்திரி என்று மூன்று தெருவுக்குள்ளேயே இருந்துவிட்டாள். வழியில் கேட் திறந்துவிடுமோ என்று எனக்குப் பயம். யாருக்காவது கேட் சாத்தியிருக்க வேண்டுமே என்று பயம் வருமா? எனக்கு வந்தது.

சாத்தியிருந்தது. அம்மா கேட் பக்கத்துச் சிமென்ட் கட்டையில் உட்கார்ந்து காலை நீட்டினாள். ஏணியைச் சைக்கிளில் கட்டி வந்த ஒருவர் இறங்கி நின்றார்.

“எங்கம்மா போறீங்க?”

“எங்கயும் போகல. கேட்டைப் பாக்க வந்தோம்.”

“கேட்டையா?” அவர் எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். “அப்ப உக்காந்து நல்லாப் பாருங்க. இன்னிக்கு ரெண்டு வண்டி, சீக்கிரம் திறக்கமாட்டான். வேற எந்த ஊர்ல இப்படி நிம்மதியா நிக்க விடறான் சொல்லுங்க?”

“அது சரி” என்றாள் அம்மா. இந்த ஊரைப் பற்றி யார் என்ன சொன்னாலும் அவள் அது சரி என்று சொல்லி நான் கேட்டதில்லை.

அப்போது அவள் மடியில் போன் அடித்தது. மாமா. அம்மா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு என்னிடம் நீட்டினாள்.

“நீ பேசு.”

“நானா?”

“பின்ன? நோட்டு நோட்டா எழுதத் தெரியுதுல்ல. எனக்குக் கால் வலிக்குதுடி, அதையும் நெனைச்சுக்க. ஆனா நீ சொல்றதுதான்.”

அவளுடைய கால் என் எதிரில் நீண்டிருந்தது. கணுக்கால் வீங்கி, செருப்பு வார் பதிந்து கிடந்தது. அதை நான் எந்த நோட்டிலும் எழுதியதில்லை. எழுதாததால் தெரியாது என்று சொல்ல முடியுமா?

பச்சையை அமுக்கினேன். “மாமா, நான்தான் பேசறேன்” என்றேன். மாமாவுக்கு நம்பிக்கை வரவில்லை. “யாரு, பூனையா?” என்றார். “பேசுதா அது?”

அந்த நேரம் ரயில் வந்தது. சரக்கு ரயில், பெட்டிக்குப் பின்னால் பெட்டி. தரை அதிர்ந்தது. நான் பதில் சொன்னேன். மாமாவுக்குக் கேட்கவில்லை. இன்னும் சத்தமாகச் சொன்னேன். வாழ்நாளில் அவ்வளவு சத்தமாக நான் எதையும் சொன்னதில்லை. தொண்டை கீறியது. ஏணிக்காரர் திரும்பிப் பார்த்தார். மாமாவுக்குக் கேட்டுவிட்டது என்பது அந்தப் பக்கம் அவர் “சரி, சரி” என்று கத்தியதில் தெரிந்தது. அம்மாவுக்குக் கேட்கவில்லை. கட்டையில் உட்கார்ந்தபடி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் சொன்னதை இங்கே எழுதினால் கதை முடிந்துவிடும். எழுத முடியாமல் இல்லை. வருகிறோம், வரவில்லை என்ற இரண்டில் ஒரே சொல். ஆனால் அதை எழுதினால் ஒன்று நான் நல்ல மகள் ஆகிவிடுவேன், இல்லாவிட்டால் நல்ல ஊர்க்காரி ஆகிவிடுவேன். இரண்டில் ஒன்றாக மட்டும் இருக்க எனக்கு இப்போது தெம்பில்லை.

நீங்களும் இவ்வளவு நேரம் அம்மாவுக்குப் பக்கத்தில்தான் நின்றிருக்கிறீர்கள். உங்களுக்கும் ரயில் சத்தம்தான் கேட்டிருக்கும். ஆனால் என் வாய் அசைந்ததைப் பார்த்தீர்கள். கடைசிப் பெட்டி போய்க்கொண்டிருக்கிறது. அம்மா இப்போது கேட்கப்போகிறாள், “என்னடி சொன்ன?” என்று.

நீங்கள் சொல்லுங்கள் அவளிடம். மெதுவாகச் சொல்லுங்கள், அவள் களைத்திருக்கிறாள்.