நாலு பேருக்கு மேல் கூடாது

1

இந்தக் கதை என் மூளையில் உதித்ததல்ல, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் லிஃப்டில் அறிவிப்பு ஒட்டியிருந்தது: ‘கிணறு வற்றுகிறது. ஒரு வீட்டில் நாலு பேருக்கு மேல் தங்கக் கூடாது.’ வீட்டுக்கு வந்ததும் எழுத உட்கார்ந்தேன்.

‘பூமி தன் கடைசிச் சொட்டை...’

(வேண்டாம். பூமியை அழவைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது.)

2

குடியிருப்போர் சங்கச் செயலாளரிடமிருந்து தொடங்கலாம். விதியைக் கொண்டுவந்தவரே அவர்தான். அவர், மனைவி, மகள், அவருடைய அப்பா என்று வீட்டில் கச்சிதமாக நாலு பேர்.

கீழ்வீட்டில் இரண்டே பேர் இருந்துகொண்டு தினமும் இரண்டு காரைக் குளிப்பாட்டுகிறார்களே, தலையை எண்ணாமல் தண்ணீரை அளந்தால் என்ன என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். நியாயம்தான். கிணறு எத்தனை பேரைத் தாங்கும் என்றால், யாரைப் போல வாழ்கிறவர்களை என்று திருப்பிக் கேட்க வேண்டும். ஆனால் மீட்டர் வைக்கக் கீழ்வீட்டுக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. தலையை எண்ணுவது சுலபம். செயலாளர்தான் முதலில் கை தூக்கினார்.

அடுத்த மாதம் அவர் மனைவிக்கு நாள் தள்ளிப்போனது.

3

முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

மழை கொட்டுகிறது. (அடித்துவிட்டேன். பக்கத்து மனையில் இன்னும் இரண்டு கட்டடம் எழும்புகிறது. எந்த மழை போதும்?)

லாரித் தண்ணீர் வருகிறது. (அது வேறு யாருடைய கிணறோ. அவர்களைக் கதைக்குள் விட்டால் அவர்களுக்கும் தாகமெடுக்கும்.)

ஒரு வரைவில் செயலாளரின் அப்பாவையே எடுத்துவிட்டேன். தண்ணீர் போதுமானதாக இருந்தது. கதையும் தங்குதடையில்லாமல் ஓடியது. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

4

சமையலறை. மனைவி ஒரு சொம்புத் தண்ணீரில் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருக்கிறாள். அப்பாவைக் கொஞ்ச நாள் அக்கா வீட்டில் விடலாமா என்று செயலாளர் மென்று விழுங்கிக் கேட்கிறார்.

“உங்க அக்கா வீட்டுல மட்டும் தண்ணி கொட்டுதா?”

அடுத்த அறையில் அப்பா டிவி சத்தத்தைக் கூட்டிவைக்கிறார். காதில் விழவில்லை என்று காட்டிக்கொள்ள அவருக்கு வேறு வழி தெரியவில்லை.

செயலாளர் தரையைப் பார்க்கிறார். “அப்ப நீயே சொல்லு. இது நமக்கு வேணுமா?”

அவள் கையிலிருந்த தட்டைக் கீழே வைக்கிறாள்.

“இதுன்னா எதுங்க?”

அவர் பதில் சொல்ல வேண்டிய இடம் இது. அவரைச் சொல்ல வைக்க எனக்கு மனம் வரவில்லை. உங்களுக்கு வாய் வந்தால், அவள் முகத்தைப் பார்த்து நீங்கள் சொல்லுங்கள்.